ஃபேன்கன்ட்ரோல்: பஞ்சு பறக்கும் ஊரில் ஒரு வீட்டு சர்வர்

லினக்ஸில் கணினியின் சூட்டையும் ஃபேன் சுற்றையும் அளக்கும் எல்எம்-சென்சர்ஸ் திட்டத்தோடு வருவது ‘ஃபேன்கன்ட்ரோல்’. சூட்டைப் பார்த்து ஃபேன் வேகத்தை ஏற்றி இறக்கும் இந்த நிரலுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். காசு இல்லை, விளம்பரம் இல்லை, பார்க்க லட்சணமான திரைகூட இல்லை. ஒரு எழுத்துக் கோப்பும், அதைப் படித்து வேலை பார்க்கும் ஒரு பாஷ் நிரலும், அவ்வளவுதான். 1990-களின் இறுதியில் தொடங்கிய திட்டம் என்பது அதன் முகத்திலேயே தெரியும். விண்டோஸுக்கு இதே பெயரில் வேறொரு நிரல் உண்டு. இதற்கும் அதற்கும் உறவில்லை.

மதிப்பெண்ணைச் சொன்ன கையோடு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் ஓடும் அறை எது என்று தெரியாமல் ஃபேன் மதிப்புரை படித்துப் பயனில்லை. எங்கள் வீடு திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கணவரின் பவர்டேபிள் யூனிட், அதாவது பனியன் தைக்கும் கூடம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று இயந்திரங்கள் வரிசையாக ஓடும். மேல்தளத்தில் நான் எம்பிராய்டரி பஞ்சிங் செய்கிறேன். பையர் அனுப்பும் படத்தை, தையல் இயந்திரத்துக்குப் புரியும் கோப்பாக மாற்றும் வேலை. பழைய டிசைன் எதையும் அழிக்க முடியாது. சீசன்கள் கடந்த பிறகு, “அக்கா, அந்தக் கரடிக்குட்டி டிசைன் வைத்திருக்கிறீர்களா?” என்று மெர்ச்சண்டைசர் தம்பி போன் செய்வார். அதற்காகத்தான் ஹால் மூலையில் நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட சர்வர் ஒன்று, டெபியன் 12 என்ற லினக்ஸில் ஓடுகிறது.

அதே ஹாலில்தான் மாமனார் மதியம் கட்டிலில் சாய்வார். அடுத்த தெருவில் பாத்திரப் பட்டறைச் சுத்தியல் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் அசந்து தூங்குகிறவர், இந்தப் பெட்டியின் இரைச்சலில் தூங்க மாட்டார். “அம்மணி, சுத்தியல் நின்று நின்று அடிக்கிறது. இது நிற்கவே மாட்டேன் என்கிறதே” என்பது அவர் வாதம். ஒலியியல் படித்தவர்களும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் ஃபேன் வேகத்துக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறதே, அங்கே ‘சைலன்ட்’ என்று தேர்ந்தெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். மேசைக் கணினிக்குப் போதும். கோப்பு வைக்கும் சர்வருக்குப் போதாது. பயாஸ் பெரும்பாலும் பிராசசரின் சூட்டைப் பார்த்துத்தான் ஃபேனை ஓட்டுகிறது. கோப்பு சர்வரில் பிராசசருக்குப் பெரிய வேலை கிடையாது. இரவு பேக்கப் ஓடும்போது உழைப்பதெல்லாம் டிஸ்க்குகள். பிராசசர் குளிர்ந்து கிடப்பதைப் பார்த்து முன்பக்க ஃபேன்களை பயாஸ் அரைத் தூக்கத்தில் விட்டுவைக்கும். அவற்றுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் டிஸ்க்குகள் வெந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் ஹால் 37 டிகிரியைத் தொடும்போது, நடுவில் மாட்டிய டிஸ்க் 50-ஐத் தாண்டியிருந்தது. பெட்டியோ பரம சாதுவாக அமைதியாக இருந்தது.

ஃபேன்கன்ட்ரோல் தன் மதிப்பெண்ணில் பெரும்பங்கை இங்கேதான் வாங்குகிறது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6-இன் கெர்னலில், அதாவது அதன் மையப் பகுதியில், ‘டிரைவ்டெம்ப்’ என்ற மாட்யூல் (துணை நிரல்) சேர்ந்தது. டிஸ்க்குக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவை, மதர்போர்டின் மற்ற வெப்பமானிகளோடு ஒரே பந்தியில் உட்கார வைக்கிறது அது. முன்பெல்லாம் டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றிக் குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ விவரத்தைத் தனிக் கட்டளை போட்டுக் கேட்டு, வந்த பதிலிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்க வேண்டும். இப்போது ‘இந்த ஃபேன் இந்த டிஸ்க்கின் சூட்டைப் பார்த்து ஓடட்டும்’ என்று கோப்பில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. வேலையில்லாத நேரத்தில் டிஸ்க்கைத் தூங்க வைக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சூட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தால் சில வகை டிஸ்க்குகள் தூங்கவே போவதில்லை. என்னுடையவை எப்படியும் தூங்குவதில்லை, அதனால் எனக்குக் கவலை இல்லை.

நிறுவுவது பெரிய வித்தை அல்ல. முதலில் ‘சென்சர்ஸ்-டிடெக்ட்’. கேள்வி மேல் கேள்வி கேட்கும். அது முன்வைக்கும் விடைகள் பாதுகாப்பானவை, என்டர் தட்டிக்கொண்டே போகலாம். மதர்போர்டில் சூட்டையும் ஃபேனையும் கவனிக்கும் சூப்பர் ஐஓ சிப் எது, அதற்கு எந்த மாட்யூல் வேண்டும் என்று கடைசியில் சொல்லும். என் போர்டில் இருப்பது நுவோட்டான் சிப். மாட்யூலின் பெயர் என்சிடி6775. பிறகு ‘சென்சர்ஸ்’ என்று தட்டினால் ஃபேன் சுற்று, சூடு, வோல்ட் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும். அதில் ‘ஆக்ஸ்டின்’ என்ற வரி 127 டிகிரி என்று காட்டினால் பதற வேண்டாம். சிப்பில் அதற்கு இடம் இருக்கிறது, போர்டில் வெப்பமானியைப் பொருத்தவில்லை. அதனால் வரும் வெற்று எண் அது.

அடுத்து வரும் ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’தான் இந்தத் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த பிள்ளை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார வேண்டும். ஒவ்வொரு ஃபேனாக ஐந்து விநாடி அளவுக்கு நிறுத்திப் பார்க்கப்போகிறேன் என்று எச்சரித்துவிட்டுத் தொடங்கும். இரைச்சலில் ஓர் இழை மட்டும் அறுந்து விழும். டார்ச் வெளிச்சத்தில் இறக்கைகள் தயங்கித் தயங்கித் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும், நிற்கும், பிறகு சட்டென்று மீண்டும் ஒரே வட்டமாகிவிடும். எந்தக் கட்டுப்பாட்டுக்கு எந்தச் சுற்று இறங்கியது என்று அது தானே குறித்துக்கொள்கிறது. போர்டில் ‘சிஸ் ஃபேன் 1’ என்று அச்சிட்டிருக்கும் சொருகு, திரையில் ‘ஃபேன்3’ என்று வரும். இந்த ஊமை நாடகத்தைப் பார்க்காமல் இந்த உறவுமுறை யாருக்கும் பிடிபடாது. ஃபேனுக்கு வேகத்தைச் சொல்லும் கட்டுப்பாட்டு எண் 0-இலிருந்து 255 வரை. 102 என்றால் நூற்றுக்கு நாற்பது.

சுற்று எண்ணே சரியாக வராத ஃபேன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. ஃபேன் கண்ணெதிரே சுற்றும், திரையில் 0 என்று இருக்கும். அல்லது நடக்கவே முடியாத அளவுக்குத் துள்ளித் துள்ளி எண் மாறும். நான்கு முனை ஃபேனில் முதல் கம்பி எர்த், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது சுற்றைத் திருப்பிச் சொல்லும் கம்பி, நான்காவது வேகக் கட்டளையைக் கொண்டுபோகும் கம்பி. மூன்றாவது கம்பியில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடும் ஃபேன் விநாடிக்கு 30 துடிப்பு அனுப்புகிறது. மதர்போர்டு எண்ணுவது இதைத்தான். இரண்டு ஃபேனை ஒரே சொருகில் மாட்ட விற்கும் ஒய் கேபிளில், ஒரு ஃபேனின் மூன்றாவது கம்பியை மட்டும்தான் கொண்டுபோக வேண்டும். எனக்கு முதலில் வாய்த்த மலிவு கேபிளில் இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? திரையில் ஒரு விநாடி 2,900, அடுத்த விநாடி 1,100.

கேபிளை மாற்றக் கோவைக்குப் போனேன். காந்திபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு கடை, பெயர் எழுதப்போவதில்லை. கவுன்டரில் இருந்த தம்பி ஒய் கேபிளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நகவெட்டியால் மூன்றாவது கம்பி ஒன்றை நறுக்கித் திருப்பிக் கொடுத்தார். “இவ்வளவுதான் அக்கா, புதிது வேண்டியதில்லை” என்றார். காசு வாங்கவில்லை. அதே கடையில் முதலாளி, “ஃபேன் சத்தம் போட்டால்தான் காற்று வருகிறது என்று அர்த்தம்” என்று எனக்கு உபதேசமும் செய்தார். தம்பிக்கு ஐந்து மதிப்பெண், முதலாளிக்கு ஒன்று.

முதலாளி சொன்னது கணக்குக்கும் ஒத்துவராது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும், அது இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பாதிக் காற்று என் டிஸ்க்குகளுக்கு வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் போதும். இரவில் 30 டிகிரிக்குக் கீழே வைத்தே தீருவேன் என்று ஃபேனை விரட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவுக்குத் தொடர்பு இல்லை, மிக அதிகச் சூட்டில்தான் சற்றே கெடுதல் தெரிகிறது என்பது அதன் சாரம். 40-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருக்கிறேன்.

ஃபேனையும் இதே போக்கில் மதிப்பிட்டுவிடுகிறேன். முன்பக்கத்தில் இரண்டு ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம் மாட்டியிருக்கிறேன். நாக்டுவாவின் மேல்தட்டு ஃபேன் ஒன்றின் விலைக்கு இதில் இரண்டு வாங்கலாம். 200 சுற்றிலிருந்து 1,800 வரை போகும். வேகக் கட்டளை நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். இந்த அகலமான வீச்சுதான் தேவை. கீழே 800-க்கு இறங்காத ஃபேனை வாங்கிவிட்டு எந்த நிரலைப் போட்டும் பயனில்லை. கட்டளைத் துடிப்பு 25 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதுக்கு எட்டாத இடம். அதனால் குறைந்த வேகத்திலும் முனகல் இல்லை. இதிலேயே ‘பிஎஸ்டி’ என்று ஒரு வகை உண்டு, ஒரு ஃபேனின் வாலில் அடுத்த ஃபேனைச் சொருகலாம். வசதிதான். ஆனால் எந்தச் சங்கிலியிலும் ஒரு ஃபேனின் சுற்று மட்டுமே திரைக்கு வரும், மற்றது செத்தாலும் தெரியாது. போர்டில் காலிச் சொருகு இருக்கும்போது ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது நல்லது. நானும் அந்த ஒய் கேபிளை இப்போது இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இனி பஞ்சுக்கு வருகிறேன். அமைதிக்காகத்தான் இந்த நிரலைப் போட்டேன். இன்று நான் அதைப் பார்ப்பது வேறு காரியத்துக்காக.

பனியன் துணி வெட்டுகிற, தைக்கிற இடத்தில் பறக்கும் பஞ்சு, சாதாரண வீட்டுத் தூசியின் ஜாதி அல்ல. நூல் நூலாக இருக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பெட்டியின் முன்வலையில் முதலில் பூனை முடிபோல லேசாகப் படியும். கவனிக்காமல் விட்டால் கம்பளித் துண்டாகி, ஒரே உரியாக உரித்தெடுக்கலாம். என் பெட்டியில் உரித்ததில் ஒருபக்கம் நேவி ப்ளூ, மறுபக்கம் மெலாஞ்ச் சாம்பல். அந்தந்த மாதம் கீழே ஓடிய ஆர்டரின் நிறம். ஆடி மாதம் வந்தால் இன்னொரு தொல்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, எங்கள் ஜன்னல் வழியாகச் செம்மண்ணையும் கொண்டுவந்து பஞ்சின் மேல் தூவிவிட்டுப் போகும்.

ஃபேன்கன்ட்ரோல் சூட்டைப் பார்த்து வேகத்தை ஏற்றுகிறது அல்லவா? வலை அடைய அடைய, அதே சூட்டில் டிஸ்க்கை நிறுத்த அதிக வேகம் கேட்கும். வலை சுத்தமாக இருக்கும்போது பேக்கப் நேரத்தில் 110-இல் அடங்கும் கட்டுப்பாட்டு எண், பண்டிகை ஆர்டருக்காகக் கீழே இரவு ஷிஃப்ட் ஓடினால் மெல்ல மெல்ல 170 வரை ஏறும். அறையின் சூடு அதேதான், பேக்கப்பின் அளவு அதேதான். எண்ணும் சுற்றும் சேர்ந்து ஏறினால் காற்று வரும் வழி அடைத்திருக்கிறது, பிரஷை எடுக்க வேண்டும். எண் ஏறியும் சுற்று ஏறவில்லையென்றால் ஃபேனே கிழடாகிறது, கடைக்குப் போக வேண்டும். பயாஸிலேயே விட்டிருந்தால் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. மாதத்துக்கொரு முறை சுத்தம் செய்வது என்று நாள் குறித்து வைத்திருந்த காலத்தில், ஆர்டர் இல்லாத மாதம் வீணாகத் துடைத்தேன். ஆர்டர் நிறைந்த மாதம் துடைத்தது போதவில்லை. இப்போது எண் சொல்லும்போது துடைக்கிறேன்.

துடைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூனிட்டில் இயந்திரங்களுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் துப்பாக்கியை மேலே கொண்டுவந்து அடிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அடிக்கலாம், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. விட்டால் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். சுழலும் மோட்டார் மின்சாரத்தையும் போர்டுப் பக்கம் திருப்பி அனுப்பும்.

குறைத்த ஒரு மதிப்பெண் எதற்கு என்றால், இரண்டு காரணங்கள்.

ஒரு ஃபேனுக்கு ஒரே ஒரு வெப்பமானியைத்தான் இந்த நிரல் பார்க்கும். நான்கு டிஸ்க்கில் எது அதிகச் சூடோ அதை எடுத்துக்கொள் என்று சொல்ல வழியில்லை. எப்போதும் சூடாக இருக்கும் நடு டிஸ்க்கை அதற்குக் காட்டிவிட்டு, மற்றவை அதற்குக் கீழேதான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நம்பிக்கை வீண்போகவில்லை. டிஸ்க்குகள் இன்னும் அதிகமாக வைத்திருப்பவர்களுக்கு ‘ஹெச்டிடி ஃபேன்கன்ட்ரோல்’ என்ற வேறொரு நிரல் பொருத்தம். அது பல டிஸ்க்குகளையும் சேர்த்துப் பார்க்கும். எழுத்துக் கோப்பென்றாலே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ‘கூலர்கன்ட்ரோல்’ இருக்கிறது, அதில் கோடு வரைந்து இழுக்கலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் எரிச்சலூட்டுவது. கெர்னல் ஒவ்வொரு வெப்பமானிக்கும் ஹெச்டபிள்யூமான்0, ஹெச்டபிள்யூமான்1 என்று வரிசை எண் தருகிறது. இந்த வரிசை ஒவ்வொரு முறை சர்வர் எழும்போதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. டிரைவ்டெம்ப் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனி உருப்படியாக வரிசையில் நிறுத்துவதால் குழப்பம் கூடுகிறது. எண் மாறியிருந்தால், கோப்பு பழசாகிவிட்டது, மறுபடி பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்டு என்று சொல்லிவிட்டு ஃபேன்கன்ட்ரோல் வேலைக்கே வராது. தவறான வெப்பமானியைப் பார்த்து ஃபேனை ஓட்டுவதைவிட ஓட்டாமல் இருப்பதே மேல் என்ற அதன் நியாயம் எனக்கும் ஏற்புடையதுதான். வேலையை நிறுத்தும்போதும் ஃபேனைப் பழைய நிலைக்கோ முழு வேகத்துக்கோ விட்டுவிட்டுத்தான் போகும். அந்த ஒழுங்கு அதனிடம் இருக்கிறது. ஆனால் சர்வர் எப்போது அணைந்து எழுகிறது? எங்கள் ஊரில், மாதாந்திர மின் பராமரிப்பு நாளில். காலையில் போன கரன்ட் மாலையில் வரும்போது யுபிஎஸ் எப்போதோ கைவிட்டிருக்கும், வீட்டில் எல்லோரும் மின்விசிறியின் கீழே ஓடுவோம், சர்வரின் திரையைப் பார்ப்பவர் ஒருவரும் இருக்க மாட்டோம். ஃபேன்கன்ட்ரோல் வேலைக்கு வரவில்லை என்ற செய்தி லாக் என்னும் பதிவேட்டில் மட்டும் எழுதப்பட்டுக் கிடக்கும். போர்டோ மறுபடி பிராசசரைப் பார்த்து ஃபேனை ஓட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு நான் செய்திருப்பது இரண்டு வேலை. மாட்யூல்கள் ஏறும் வரிசையை எட்ஸி ஃபோல்டரில் உள்ள ‘மாட்யூல்ஸ்’ கோப்பில் எழுதி வைத்தேன்: முதலில் என்சிடி6775, கடைசியில் டிரைவ்டெம்ப். ஃபேனுக்கான எண் இதனால் அசைவதில்லை. டிஸ்க்குகளுக்குள் இடமாற்றம் எப்போதாவது நடக்கிறது. அதைப் பிடிக்கத்தான் இரண்டாவது வேலை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டிவிடும் ‘கிரான்’ வழியாக ஓடும் சிறு நிரல் ஒன்று, ஃபேன்கன்ட்ரோல் உயிரோடு இருக்கிறதா, சுற்று 300-க்குக் கீழே இறங்கியதா, கட்டுப்பாட்டு எண் 160-ஐத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்து என் டெலிகிராமுக்குத் தகவல் அனுப்பும். ஃபேன்கன்ட்ரோலுக்கு இப்படிக் குரல் கொடுக்கத் தெரியாது. இத்தனை வருடத் திட்டத்தில் இந்த ஒரு வசதியை யாராவது சேர்த்திருக்கலாம்.

என் கோப்பில் இருக்கும் எண்களைக் கேட்டு எழுதுகிறவர்களுக்காக: ஃபேன் வேகம் ஏறத் தொடங்கும் குறைந்த சூடு 38, முழு வேகத்தைத் தொடும் அதிகச் சூடு 48, பத்து விநாடிக்கு ஒரு முறை பார்த்தல், நிற்காமல் ஓடும் கீழ் எல்லை 70, நின்ற ஃபேன் கிளம்ப 90. 43 டிகிரியில் கட்டுப்பாட்டு எண் 162-ஐ ஒட்டி வரும். 70, 90 இரண்டும் என் ஃபேனுக்கு, என் போர்டில் பிடபிள்யூஎம்கான்ஃபிக் வழியாக நிறுத்திப் பார்த்து எடுத்தவை; இவற்றை மட்டும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். மலைப்பக்கம் குன்னூரில் இருக்கிறவர்கள் 38-ஐயும் இறக்கிக்கொள்ளலாம். கரூர்க்காரர்கள் பங்குனி பிறந்ததும் 40-க்கு ஏற்றிவிடுங்கள், இல்லையென்றால் பகலெல்லாம் ஃபேன் கத்திக்கொண்டேதான் இருக்கும்.